பிராசசர் மெதுவாக ஓடினால் பதற வேண்டாம்!

புதிய லேப்டாப் வாங்கி, அதில் உபுண்டு, பெடோரா, லினக்ஸ் மின்ட் என ஏதேனும் ஒரு லினக்ஸ் தொகுப்பினைப் பதிந்து கொண்டவர்கள், சில நாட்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார்கள். பெட்டியின் மேல் 4 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் சிஸ்டம் பற்றிய தகவல்களைத் திறந்து பார்த்தால், பிராசசர் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. கொடுத்த பணத்திற்கு ஐந்தில் ஒரு பங்கு வேகம் தானா? கடைக்காரர் ஏமாற்றி விட்டாரா? அல்லது லினக்ஸிற்கு இந்த பிராசசரை ஓட்டத் தெரியவில்லையா?

இந்தக் கேள்வியோடு கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவரிடம் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்று தான். "கவர்னரை பெர்பார்மன்ஸ் என்று மாற்றி விடு, பறக்கும்" என்பார். இன்னொருவர் பேட்டரி சீக்கிரம் தீர்ந்து போகிறது என்றால், "பவர்சேவ் என்று மாற்று" என்பார். இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்லப்படும் யோசனைகள். இரண்டுமே பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குத் தேவையற்றவை என்பது என் கருத்து. சில வேளைகளில் கெடுதலும் கூட. ஏன் என்று பார்ப்போம்.

வேகம் ஏன் குறைய வேண்டும்?

ஒரு நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதே பிராசசரின் மெகாஹெர்ட்ஸ் கணக்கு. 800 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 80 கோடி துடிப்புகள். நீங்கள் ஒரு கடிதத்தை டைப் செய்து கொண்டிருக்கும் போது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே பிராசசருக்குப் பல கோடி துடிப்புகள் வீணாகவே கழிகின்றன. அப்போது அதை முழு வேகத்தில் ஓட்டுவது, ஆளே இல்லாத அறையில் மின்விசிறியை 5ஆம் நம்பரில் சுழல விடுவது போல.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்சாரமும் பாதியாகத் தானே குறையும் என்று நினைக்கலாம். அதற்கும் மேல் குறையும் என்பது தான் இதில் உள்ள சூட்சுமம். பிராசசர் வேலை செய்யும் போது செலவாகும் மின்சக்தி, அதன் வேகத்தோடு நேர் விகிதத்தில் மாறுகிறது. ஆனால் அதற்குத் தரப்படும் வோல்டேஜின் வர்க்கத்தோடு, அதாவது வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கி வரும் எண்ணோடு மாறுகிறது. வேகம் குறைந்தால் குறைந்த வோல்டேஜே போதும். எனவே இரண்டையும் சேர்த்துக் குறைக்கும் போது லாபம் இரட்டிப்பாகிறது.

ஓர் உண்மையான உதாரணம். 2003 மார்ச்சில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் எம் பிராசசரில் 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட மாடலுக்கு, முழு வேகத்தில் 1.484 வோல்ட் தேவைப்பட்டது. 600 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 0.956 வோல்ட் போதுமானதாக இருந்தது. வெப்பக் கணக்கிற்காக இன்டெல் தந்த அளவுகள் முழு வேகத்திற்கு 24.5 வாட், குறைந்த வேகத்திற்கு 6 வாட். வேகம் எட்டில் மூன்று பங்காகக் குறைந்தது. மின்சக்தியோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகி விட்டது.

பேட்டரி நீண்ட நேரம் வருவது, மடியில் வைத்தால் சுடாமல் இருப்பது, மின்விசிறி இரைச்சல் போடாமல் இருப்பது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து தான் வருகின்றன. ஆக, நீங்கள் பார்த்த 800 மெகாஹெர்ட்ஸ் என்பது கோளாறு அல்ல. பிராசசர் ஓய்வாக இருக்கிறது என்பதன் அடையாளம். ஒரு பெரிய போட்டோவை எடிட் செய்து பாருங்கள். அந்த எண் கிடுகிடுவென உயர்வதைக் காண்பீர்கள்.

டிரைவரும் கவர்னரும்

லினக்ஸில் இந்த வேலையை கெர்னல் எனப்படும் உட்கருப் பகுதியில் உள்ள சிபியுபிரீக் என்னும் அமைப்பு பார்த்துக் கொள்கிறது. ரஸ்ஸல் கிங் 2001ல் இதற்கான தொடக்கத்தை எழுதினார். டொமினிக் பிராடோவ்ஸ்கி அதனை விரிவாக்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இது இடம் பெற்றிருந்தது.

இதில் இரண்டு ஆட்கள் வேலை செய்வதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் கவர்னர். ராஜ்பவன் கவர்னர் அல்ல. வயலில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினில், சுமை கூடினால் எண்ணெயைக் கூட்டி, சுமை குறைந்தால் குறைக்கும் ஒரு பாகம் உண்டல்லவா? அதற்கும் கவர்னர் என்று தான் பெயர். அந்தப் பொருளில் வந்தது இது. எவ்வளவு வேகம் வேண்டும் என்று முடிவு செய்பவர் இவர்.

இன்னொருவர் டிரைவர். கவர்னர் சொல்லும் வேகத்தை உங்கள் பிராசசருக்குப் புரியும் மொழியில் சொல்லி, மாற்றிக் காட்டுபவர். ஒவ்வொரு நிறுவனத்தின் பிராசசரும் ஒவ்வொரு விதமாகக் கட்டளை கேட்கும் என்பதால் டிரைவர்களும் பல. இன்டெல்லின் ஸ்பீட்ஸ்டெப், ஏ.எம்.டி.யின் பவர்நவ், வி.ஐ.ஏ.வின் லாங்ஹால், டிரான்ஸ்மெட்டாவின் லாங்ரன் என ஒவ்வொன்றிற்கும் தனித்தனி டிரைவர் எழுதப்பட்டது.

டிரைவர் என்று பெயர் இருப்பதாலேயே ஒரு டிரைவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தி விடும் என்று நம்பக் கூடாது. பென்டியம் 4 பிராசசருக்கு ஒரு டிரைவர் இருந்தது. அது வோல்டேஜைத் தொடாது. இடையிடையே துடிப்புகளைத் தவிர்த்து விடும், அவ்வளவு தான். கம்ப்யூட்டர் ஆமை போல் நகரும், மிச்சமோ சொற்பம். அதைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே, அபூர்வமான சூழ்நிலைகளில் மட்டும் பயன்படுத்தவும் என்று கெர்னல் எழுதியவர்கள் எச்சரிக்கை வைத்திருந்தார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் படித்துப் பார்க்கக் கூடிய ஓப்பன் சோர்ஸ் முறையின் நன்மை இது. எது பயன் தராது என்பதையும் எழுதி வைத்திருப்பார்கள்.

கவர்னர்கள் எத்தனை?

பெர்பார்மன்ஸ்: அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தையே எப்போதும் கேட்கும்.

பவர்சேவ்: மிகக் குறைந்த வேகத்தையே எப்போதும் கேட்கும். வேலை எவ்வளவு குவிந்தாலும் ஏறாது.

யூசர்ஸ்பேஸ்: வேகத்தை நீங்களோ, வேறு ஒரு புரோகிராமோ சொல்ல வேண்டும்.

ஆன்டிமாண்ட்: 2004 அக்டோபரில், 2.6.9 கெர்னலில் வந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் பிராசசரின் வேலைப் பளுவை அளந்து பார்க்கும். பளு ஓர் எல்லையைத் தாண்டினால் நேராக உச்ச வேகத்திற்குத் தாவும்.

கன்சர்வேட்டிவ்: 2005ல் 2.6.12 கெர்னலில் வந்தது. தாவாது. படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும்.

ஷெட்யூடில்: 2016ல் 4.7 கெர்னலில் ரபேல் வைசாக்கி கொண்டு வந்தது. எந்த புரோகிராமிற்கு எப்போது பிராசசரைத் தருவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் என்னும் பகுதியிடம் ஏற்கனவே பளுக் கணக்கு இருக்கிறது. அதையே இது வாங்கிக் கொள்கிறது. தேவைக்கு மேல் கால் பங்கு கூடுதலாகக் கேட்பது இதன் வழக்கம். முழு வேகத்தில் 60 சதவீதம் தேவை என்று கணக்கு காட்டினால், 75 சதவீத வேகத்தைக் கேட்கும். ஆற்றில் இறங்கும் முன் கொஞ்சம் கூடுதலாக வேட்டியைத் தூக்கிக் கொள்வது போல.

ஒரே பெயர், இரண்டு பொருள்

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. குழப்பம் இனிமேல் தான்.

2013 ஏப்ரலில் வந்த 3.9 கெர்னலில், இன்டெல் தன் புதிய பிராசசர்களுக்காக இன்டெல் பிஸ்டேட் என்ற டிரைவரைக் கொண்டு வந்தது. இது பழைய டிரைவர்களைப் போல் கவர்னரின் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. வேகத்தைத் தீர்மானிக்கும் வேலையையும் தானே எடுத்துக் கொண்டது. சிபியுபிரீக் அமைப்பில் இப்படிப்பட்ட டிரைவருக்கென்று முன்பே ஒரு வாசல் இருந்தது. டிரான்ஸ்மெட்டாவின் பிராசசர் தன் வேகத்தைத் தானே முடிவு செய்யும். எனவே அதனிடம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை. இந்த எல்லைக்குள் இரு, பெர்பார்மன்ஸ் பக்கம் சாய்ந்து கொள் அல்லது பவர்சேவ் பக்கம் சாய்ந்து கொள் என்று மட்டும் சொன்னால் போதும். அதே வாசல் வழியாகத் தான் இன்டெல் பிஸ்டேட்டும் உள்ளே வந்தது.

விளைவு என்ன? இன்டெல் பிஸ்டேட் தானாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் கம்ப்யூட்டரில், பெர்பார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டு பெயர்கள் மட்டுமே கண்ணில் படும். இங்கே பவர்சேவ் என்றால் மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப் போடுவது அல்ல. பளுவிற்கு ஏற்ப ஏறி இறங்குவது. அதாவது, பழைய டிரைவரில் ஆன்டிமாண்ட் செய்த வேலையைத் தான் ஏறத்தாழ இது செய்கிறது. பழைய டிரைவரில் அதே பவர்சேவ் என்ற பெயர், கம்ப்யூட்டரை உண்மையிலேயே முடக்கிப் போடும்.

ஒரே சொல், ஒரே கெர்னல், ஆனால் இரண்டு வேறு பொருள்கள். புதிதாக வந்தவர் இதை எப்படித் தெரிந்து கொள்வார்? புதிய லேப்டாப் வைத்திருப்பவர் பவர்சேவ் என்பதைப் பார்த்து, "அடடா, இது தான் என் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது" என்று பெர்பார்மன்ஸிற்கு மாற்றுகிறார். தேவையில்லாத சூட்டை வாங்கிக் கொள்கிறார். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், புதிய லேப்டாப்காரர் சொன்னதைக் கேட்டு பவர்சேவ் என்று வைக்கிறார். கம்ப்யூட்டர் படுத்து விடுகிறது. லினக்ஸே மந்தம் என்று முடிவு செய்து, அதைத் தூக்கி எறிகிறார். இருவர் மீதும் தவறில்லை. பெயர் வைத்த விதத்தில் தான் தவறு.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் புதிய டிரைவரான ஏஎம்டி பிஸ்டேட் 2022 மார்ச்சில் 5.17 கெர்னலில் வந்தது. 2023ல் 6.3 கெர்னலில் இதற்கும் தானாக முடிவெடுக்கும் நிலை சேர்க்கப்பட்டது. அங்கேயும் இதே இரண்டு பெயர்கள், இதே குழப்பம்.

பழைய புரோகிராம்கள் இந்தப் பெயர்களை நம்பி எழுதப்பட்டிருப்பதால் இப்போது மாற்றுவது கடினம் என்பது புரிகிறது. ஆனால் கெர்னலுக்குள் இருக்கும் பெயரை அப்படியே வீட்டு உபயோகிப்பாளரின் கண் முன் வைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

சீக்கிரம் முடித்துத் தூங்கட்டுமே?

பெர்பார்மன்ஸ் கட்சிக்காரர்களின் வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கி விட முடியாது. வேலையை முழு வேகத்தில் முடித்து விட்டால், பிராசசர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய் விடும், அப்போது மின்சாரமே மிகக் குறைவு, மெதுவாக இழுத்துக் கொண்டிருப்பதை விட இது மேல் என்பது அவர்கள் வாதம். இன்றைய பிராசசர்கள் உறங்குவதில் கெட்டிக்காரர்கள் என்பது உண்மை தான். உங்கள் கம்ப்யூட்டர் முற்றிலும் சும்மா இருக்கும் போது, எந்த கவர்னர் என்பதால் பெரிய வித்தியாசம் வராது.

ஆனால் முன்பு பார்த்த பென்டியம் எம் கணக்கிற்குத் திரும்புங்கள். முழு வேகத்தில் 1 மணி நேரம் எடுக்கும் கணக்கு வேலைக்கு 24.5 வாட் மணி செலவு. அதே வேலையை 600 மெகாஹெர்ட்ஸில் செய்தால் 2 மணி 40 நிமிடம் ஆகும். 6 வாட் வீதம் 16 வாட் மணி செலவு. பிராசசரை மட்டும் எடுத்துக் கொண்டால், மெதுவாகச் செய்ததில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதே சமயம் அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் திரையும் ஹார்ட் டிஸ்க்கும் மின்சாரம் தின்று கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே எப்போதும் உச்சம் என்பதும் சரியல்ல, எப்போதும் அடிமட்டம் என்பதும் சரியல்ல.

இன்னொன்று. வீட்டில் நாம் செய்யும் பல வேலைகளுக்கு முடிவு என்பதே கிடையாது. ஒரு சினிமா பார்க்கிறீர்கள். நொடிக்கு 24 படங்கள் வந்தாக வேண்டும். சீக்கிரம் முடித்து விட்டுத் தூங்குவோம் என்று பிராசசர் படத்தை வேகமாக ஓட்ட முடியுமா? இந்த இடத்தில் போதுமான வேகமே சிறந்த வேகம். இதைத் தருவதற்குத் தான் ஏறி இறங்கும் முறை இருக்கிறது.

முடிவெடுப்பது யார்?

2015ல் வந்த ஸ்கைலேக் வரிசை முதல், ஸ்பீட் ஷிப்ட் என்ற வசதியை இன்டெல் தருகிறது. வேகத்தை பிராசசரே தீர்மானிக்கும். கெர்னல் டிரைவர் செய்வதெல்லாம் எல்லைகளைச் சொல்வதும், வேகம் முக்கியமா, மிச்சம் முக்கியமா என்று 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைக் குறிப்பாகத் தருவதும் தான். 0 என்றால் வேகம், 255 என்றால் மிச்சம்.

இது நல்லதா? வேகத்தைப் பொறுத்தவரை நல்லது. சிப்பிற்குள்ளேயே அளந்து, சிப்பிற்குள்ளேயே மாற்றுவதை வெளியிலிருந்து ஒரு புரோகிராம் செய்து போட்டியிட முடியாது. ஆனால் ஒரு விலையும் இருக்கிறது. ஆன்டிமாண்ட் ஏன் உச்சத்திற்குத் தாவியது என்று கேட்டால், அதன் வரிகளை யாரும் திறந்து படித்துப் பதில் சொல்லலாம். பிராசசர் தானாக எடுத்த முடிவுக்குக் காரணம் கேட்டால், அந்தப் பெட்டி பூட்டியிருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1997 முதல் 2003 வரை வேலை பார்த்தது, வேகத்தைத் தானே முடிவு செய்யும் பிராசசரை விற்ற அதே டிரான்ஸ்மெட்டாவில் தான். அன்று விதிவிலக்காக இருந்தது இன்று வழக்கமாகி விட்டது.

எனவே தான் சொல்கிறேன். முடிவு சிப்பின் கைக்குப் போகப் போக, நாம் சொல்லும் அந்த ஒரே ஒரு குறிப்பு தெளிவாக இருப்பது முன்பை விட முக்கியமாகிறது. அதன் பெயரே குழப்பினால், நம் கையில் எஞ்சியிருக்கும் ஒரே கடிவாளமும் வீண்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. முதலில் எதையும் மாற்றாதீர்கள். பைல் மேனேஜரில் ரூட் டைரக்டரிக்குச் சென்று சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு, சிபியு0, சிபியுபிரீக் என்று ஒவ்வொரு போல்டராகத் திறக்கவும். ஸ்கேலிங் டிரைவர், ஸ்கேலிங் கவர்னர், ஸ்கேலிங் கர் பிரீக் என்று துவங்கும் சிறிய பைல்கள் இருக்கும். அவற்றைத் திறந்து படிப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. வேகம் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும். 800000 என்றால் 800 மெகாஹெர்ட்ஸ்.

2. டிரைவர் பெயரைப் பார்த்த பிறகே கவர்னர் பெயருக்குப் பொருள் கொள்ளவும். இன்டெல் பிஸ்டேட் என்று இருந்து, கவர்னர் பவர்சேவ் என்று இருந்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஏசிபிஐ சிபியுபிரீக் போன்ற டிரைவரோடு பவர்சேவ் இருந்தால், அது தான் கம்ப்யூட்டரைக் கட்டிப் போட்டிருக்கிறது. ஷெட்யூடில் அல்லது ஆன்டிமாண்ட் என்று மாற்றவும்.

3. சிபியுபிரீக் போல்டரே இல்லையென்றால், பயாஸ் அமைப்பில் இந்த வசதி நிறுத்தப்பட்டிருக்கலாம். விர்ச்சுவல் மெஷினுக்குள் லினக்ஸை இயக்குபவர்களுக்கும் இது இல்லாமல் போகலாம்.

4. கினோம், கேடிஇ ஆகிய டெஸ்க்டாப்களில் பெர்பார்மன்ஸ், பேலன்ஸ்டு, பவர் சேவர் என்ற தேர்வுகள் இருக்கும். 2021 செப்டம்பரில் வந்த கினோம் 41 முதல் இது மேல் மூலை மெனுவிலேயே கிடைக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் ஆதரிக்கும் தேர்வுகள் மட்டும் காட்டப்படும். வழக்கமாக பேலன்ஸ்டு. வெளியூர் பயணத்தில் பவர் சேவர். வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலைக்கு, மின் இணைப்பில் இருக்கும் போது மட்டும் பெர்பார்மன்ஸ். இதற்கு மேல் உள்ளே கை வைக்கத் தேவையில்லை.

5. இத்தனைக்குப் பிறகும் கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால், பிராசசரைச் சந்தேகிக்கும் முன் ராம் மெமரி போதுமா, பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கே தான் இருக்கும்.

லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேலன்ஸ்டு என்ற பெயரை மெனுவில் வைத்தது நல்ல ஆரம்பம். அதோடு, கவர்னர் பெயரைக் காட்டும் இடங்களில் எல்லாம் எந்த டிரைவர் என்பதையும், அந்தப் பெயர் இந்தக் கம்ப்யூட்டரில் என்ன செய்யும் என்பதையும் ஒரே ஒரு வரியில் எழுதிக் காட்டுங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் உழைத்து உருவாக்கிய நல்ல அமைப்பு இது. ஒரு வரி விளக்கம் இல்லாததால், அதைப் புதியவர்கள் முதல் வாரத்திலேயே கெடுத்துக் கொள்ளும்படி விட வேண்டாம்.

வாசகர்களே, அடுத்த முறை 800 மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்தால் பதற வேண்டாம். உங்கள் பணம் வீணாகவில்லை. மிச்சமாகிக் கொண்டிருக்கிறது.